மாங்கொட்டை, பழத்தோல், புளியங்கொட்டை: கழிவுல காசு பாத்தவங்க, பாக்க முடியாதவங்க அனுபவத்தை சொல்லுங்க

பெங்களூரா_பையன் (கிருஷ்ணகிரி)

நான் இங்க ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில சீசன் ஷிஃப்ட் பாக்குறவன். மாங்கொட்டையில எண்ணெய், தோல்ல ஜாமை கெட்டியாக்குற பெக்டின்னு யூடியூப்ல ஆளாளுக்கு வீடியோ போடுறாங்க, ஆனா அந்தக் குவியல் பக்கத்துல நின்னவங்க யாரும் எழுதி நான் படிச்சதில்ல, அதான் நானே ஆரம்பிக்கிறேன்.

எங்களுக்கு வர்றதுல முக்கால்வாசி பெங்களூரா, வெளியூர்ல தோத்தாபுரிம்பாங்க. உள்ள போற பழத்துல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் கூழாகி டிரம்முக்குப் போகும், மிச்சமெல்லாம் தோல், கொட்டை, நாரு. ஜூன்ல ஃபுல் ஓட்டம் ஓடுறப்ப பின்பக்கம் டிராக்டர் கொஞ்சம் லேட்டாச்சுன்னா குவிஞ்சிடும், மறுநாள் காலையில புளிச்ச வாடை, ஈ, குவியலுக்கு அடியில இருந்து மஞ்சத்தண்ணி ஓட ஆரம்பிச்சிடும், பக்கத்துக் காட்டுக்காரர் வந்து கேட்டுல நிப்பார். அள்ளிட்டுப் போறதுக்கு நாங்கதான் காசு குடுத்துட்டிருந்தோம்.

அப்புறம் சித்தூர் பக்கத்துல இருந்து ஒரு யாவாரி வந்தாரு. கொட்டையா வேணாம், காய வெச்சு ஒடச்சு பருப்பா குடுங்க, எடுத்துக்குறேன்னாரு. மூட்டையில கைய விட்டு நாலஞ்சு பருப்பை எடுத்து பேனாக்கத்தியால ரெண்டா கீறிப் பாப்பாரு. உள்ள வெளுப்பா லேசா ஊதா ஓடியிருந்தா ஓகே, பழுப்பா இருந்தா மூட்டையையே தள்ளிடுவாரு. ஈரத்துல கெடந்தா உள்ள இருக்குற கொழுப்பு கெட்டு அமிலம் ஏறிடுமாம், மில்லுல அதை வெச்சுத்தான் ரேட்டு. காயவெக்க நல்ல வெயில் வேணும், எங்களுக்கோ கொட்டை வர்றதே ஜூன் ஜூலை மூடாக்கு மேகத்துலதான். தார்ப்பாய் போடு, எடு, போடு, எடுன்னு ரெண்டு பேர் இதுக்கே நிக்கணும்.

ஒடைக்கிறது அடுத்த கொடுமை. கொட்டைய ஓரமா நிறுத்தி சுத்தியால ஒரு போடு போட்டா ஓடு பொளக்கும், பலமா போட்டா பருப்பும் சேந்து நசுங்கிடும். அந்தப் பருப்புல இருக்குற துவர்ப்புக்கு வேல பாக்குற அக்காங்க வெரல் நகமெல்லாம் கறுத்துப் போயிடும், சோப்பு போட்டாலும் போகாது.

இவ்ளோ பாடுபட்டு எங்க போகுதுன்னு கேட்டா, சாக்லேட்டுக்கு. ஐரோப்பிய யூனியன்ல 2000-ல போட்ட சாக்லேட் சட்டத்துல, கோகோ வெண்ணெய் போக வேற கொழுப்பு 5 சதவீதம் வரைக்கும் சேக்கலாம்னு 6 கொழுப்பை மட்டும் பேர் சொல்லி விட்டுருக்காங்க, அதுல மாங்கொட்டை ஒண்ணு. உடம்புச் சூட்டுல உருகுற குணம் கோகோ வெண்ணெய்க்குக் கிட்ட வருது, அதான் காரணம்.

உங்க ஊர்ல என்ன நடக்குது?

---

ஒட்டுச்செடி_அண்ணாச்சி

தம்பி, நாங்க சந்தூர்ப் பக்கம் நர்சரி வெச்சிருக்கோம். நீங்க காயவெக்கத் தவிக்கிறீங்க, எங்களுக்குக் கொட்டை காஞ்சா செத்துது. மாங்கொட்டை நெல்லு மாதிரி எடுத்து வெச்சு வெதைக்கிற வெத இல்ல, நாலஞ்சு வாரம் தாண்டுனா முளைப்பு படுத்துடும், அதனால பழத்துல இருந்து வந்த கையோட மணல்ல ஊனணும். மொளச்சு தண்டு இன்னும் செம்பு நெறத்துல இளசா இருக்கறப்பவே மேல ஒட்டு கட்டிடுவோம். ஃபேக்டரி கொட்டைதான் எங்களுக்கும் வரும், ஆனா சூடு பட்ட லைன்ல வந்த கொட்டைன்னா வேணாம்னு சொல்லிடுவேன், ஒண்ணும் மொளைக்காது. அதனால லோடு எறங்கறப்ப மொதல்ல கேக்குற கேள்வி, பழத்தை வேக வெச்சு கூழ் எடுத்தீங்களா, எடுத்த பொறவு கூழை வேக வெச்சீங்களாங்கறதுதான். ஆனா ஒண்ணு, எங்களுக்கு வேண்டியது உங்க குவியல்ல ஒரு ஓரம். மொத்தத்தையும் தூக்க எங்களால ஆகாது.

---

சோப்புக்கட்டி (கோயமுத்தூர்)

நான் வீட்டுல சோப்பு, லிப் பாம் பண்ணி விக்கிறேங்க. மேங்கோ பட்டர்னு ஆன்லைன்ல வாங்கறது இந்தப் பருப்போட கொழுப்புதானுங்க. நம்ம ஊர்லயே கொட்டை கெடைக்குதே, நாமளே ஆட்டிக்கலாம்னு காஞ்ச பருப்பு வாங்கிட்டு செக்குக்காரர்கிட்ட போனேன். அவரு ஒரு புடி அள்ளி நுணுக்கிப் பாத்துட்டு, இதுல எங்கம்மா எண்ணெய் இருக்குது, மாவுதான் இருக்குதுன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. அப்புறம் படிச்சுப் பாத்தா காஞ்ச பருப்புல நூத்துக்குப் பத்து சொச்சம்தான் கொழுப்பாம், எள்ளுல பாதிக்குப் பாதி இருக்கும், அதோட இதை எப்படி சேத்து வெச்சு பாக்கறது. ஹெக்சேன்ங்கற கரைப்பான் போட்டு கொழுப்பைக் கரைச்சு எடுக்கற பெரிய மில்லுல மட்டுந்தான் கட்டுபடியாகுமாட்ட இருக்குது.

இன்னொரு கூத்து சொல்றேன். சுத்திகரிச்ச பட்டர் வெள்ளையா, வாசனையே இல்லாம இருக்கும். வாங்குன கஸ்டமர் எல்லாம் "ஏங்க, மாம்பழ வாசமே வரலீங்களே, ஏமாத்தறீங்களா"ன்னு மெசேஜ் பண்றாங்க. கடைசியில மாம்பழ எசன்ஸ் ஊத்தித் தொலைச்சேன், இப்ப 'ஒரிஜினல்'னு ரிவ்யூ வருது.

---

பால்காரர்_மகன்

காவேரிப்பட்டணம் பக்கம். நாங்க தோலுக்குத்தான் போறது. ஃப்ரீயா கெடைக்குதேன்னு எங்க பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டிப்பர் எறக்கி மாட்டுக்கு வயிறு முட்டப் போட்டாரு, சக்கரை அதிகம் இல்லீங்களா, வயித்துல புளிப்பு ஏறி மாடு படுத்துடுச்சு, டாக்டர் வந்து ரெண்டு நாள் ட்ரிப் போட்டுத்தான் எழும்புச்சு. நாங்க வைக்கோல நறுக்கி தோலோட கலந்து, காத்து போகாம டிரம்ல மிதிச்சு மூடி வெச்சு, ஒரு மாசம் கழிச்சு கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்குவோம். நல்லா திங்குது. ஆனா ஃபேக்டரியில இருந்து அன்னிக்கு வந்த தோலா இருக்கணும், முந்தாநாளு தோலுன்னா ஈக்கூட்டம்தான் வீட்டுக்கு வரும்.

---

ஃபுட்டெக்_பழைய_மாணவன்

பெக்டின் பத்தி ஒருத்தரும் சொல்லல. ஜாம் கெட்டியாக போடுறது. உலகத்துல விக்கிற பெக்டின்ல பெரும்பகுதி எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்லயும், ஆப்பிள் ஜூஸ் புழிஞ்ச சக்கையிலயும் இருந்து வருது. மாந்தோல்லயும் நல்லாவே இருக்கு, நாங்க காலேஜ் லேப்ல எடுத்திருக்கோம், அமிலத் தண்ணியில சுடவெச்சு வடிகட்டி ஆல்கஹால் ஊத்துனா வெள்ளையா வழுவழுன்னு தெரண்டு வரும், பாக்கவே ஆசையா இருக்கும். ஆனா ஊத்துன ஆல்கஹால திரும்பப் புடிக்க தனி பிளான்ட் வேணும், அது இல்லாம எறங்குனா கைக்காசு போகும். இதுக்கும் தோல் அழுகறதுக்கு முன்னாடி வேணும். ட்ரையிங், பேக்கிங் மாதிரி சின்ன லெவல்ல எதாவது ட்ரை பண்ணணும்னா தஞ்சாவூர் நிஃப்டெம்ல, மைசூர் சிஎஃப்டிஆர்ஐல (ரெண்டும் மத்திய அரசோட உணவுத் தொழில்நுட்ப நிறுவனம்) போய்க் கேக்கலாம், தனி ஆளுங்களுக்கும் ட்ரெயினிங் உண்டு.

அப்புறம் சோப்புக்கட்டி அக்கா, கழிச்ச பருப்பை யாரும் சாப்பாட்டுக்குன்னு எடுத்துட்டுப் போக விடாதீங்க. 2024 நவம்பர்ல ஒடிசா கந்தமால்ல மாங்கொட்டைக் கஞ்சி குடிச்சு பழங்குடிப் பெண்கள் செத்துப்போனாங்க, மழையில பூஞ்சை புடிச்ச பருப்பு. அவங்களுக்கு அது காலங்காலமா சாப்பிட்ட சாப்பாடுதான்.

---

புளியமரத்தடி (தர்மபுரி)

எல்லாரும் மாங்காவையே பேசுறீங்க. எங்க ஊர்ல புளி தட்டி கொட்டை எடுக்குறது வீட்டுக்கு வீடு நடக்குற வேல. அந்தக் கொட்டைய யாரும் எப்பவும் கழிவுன்னே சொன்னதில்லப்பா. சாக்குல போட்டு மூலையில வெச்சா மாசக்கணக்குல அப்படியே கெடக்கும், வண்டி வர்றப்ப எடை போட்டுக் குடுப்போம். மில்லுல வறுத்து செவப்புத் தோல ஒடச்சுத் தள்ளிட்டு வெள்ளைப் பருப்பை மாவாக்குறாங்க, நூலுக்குக் கஞ்சி போட, சணல் மில்லுக்கு, கொசுவர்த்திக்குன்னு போகுது. ஜப்பான்ல அதுல இருந்து பசை பிரிச்சு சாஸ், ஐஸ்கிரீம்ல எல்லாம் சேக்குறாங்களாம். எங்க பாட்டி காலத்துலயே வித்துட்டிருந்தத இப்ப 'வேல்யூ அடிஷன்'னு பவர்பாயின்ட் போட்டு எனக்கே சொல்லிக் குடுக்குறாங்க.

உங்க மாங்கொட்டைக்கும் என் கொட்டைக்கும் வித்தியாசம் ஒண்ணுதான், இது காஞ்சே வருது. உங்களுக்கு ஈரம்.

---

பெங்களூரா_பையன்

புளியமரத்தடி அண்ணே, கரெக்டா புடிச்சீங்க. தோலு கேட்டவர், பெக்டின் கேட்டவர், யாவாரி, எல்லாருக்கும் சரக்கு வேணும், ஆனா இன்னிக்கு வந்தது இன்னிக்கே வேணும், இல்லேன்னா காஞ்சது வேணும். ரெண்டுக்கும் நடுவுல தண்ணிய எறக்குற செலவு யார் தலையிலன்றதுதான் சண்டையே. மொதலாளி கேட்டா கூழ் விக்கவே நேரமில்லம்பாரு, சீசன் ரெண்டு ரெண்டரை மாசம்தான், அதுக்காக ட்ரையர் போட்டா மிச்ச நாளெல்லாம் அது துருப்புடிக்கும்.

இப்ப எங்க பக்கம் ஓடுற ஐடியா என்னன்னா, ஒடச்ச கொட்டையோட மேல்ஓட்டை பாய்லருக்கே போட்டுடறது (நல்லா எரியுது, வெறகுச் செலவு கொறையுது), அந்த பாய்லர் புகைபோக்கி சூட்டுல காத்த சூடாக்கி கொட்டைய காயவெக்கறது. சூடு ஓசி. ஆனா கையால ஒடச்சு ஒரு நாளைக்கு வர்ற கொட்டைக்கு ஈடு குடுக்க முடியாது, மெஷின் வேணும். பெங்களூரா கொட்டை நீட்டமா சப்பையா இருக்கு, அல்போன்சா கொட்டை குண்டு, ஒரே மெஷின்ல ரெண்டும் போட்டா ஒண்ணு நழுவுது இன்னொண்ணு தூளாகுது. ஆந்திராவுலயோ குஜராத்லயோ கொட்டை ஒடைக்கிற மெஷின் ஓட்டிப் பாத்தவங்க யாராச்சும் இருந்தா, ரோலர் டைப்பா, அடிக்கிற டைப்பான்னு மட்டும் சொல்லுங்க, மார்ச்சுக்குள்ள முடிவு பண்ணணும்.