பள்ளி சேருமுன் எதைப் பழக்குவது?

கேள்வி: மகளுக்கு நான்கு வயதாகப் போகிறது, அடுத்த மாதம் மழலையர் பள்ளி. எழுத்தெல்லாம் கொஞ்சம் தெரியும், ஆனால் என்னை விட்டு அரை மணி நேரம்கூட இருக்க மாட்டாள். என்ன செய்யலாம்?

பதில்: எழுத்தை விடுங்க, அதை அங்கே சொல்லித் தருவார்கள். கழிப்பறை போகணும் என்று வாய்விட்டுக் கேட்பது, கை கழுவுவது, டிபன் பாக்ஸைத் தானே திறப்பது, இதெல்லாம்தான் முதல் வாரத்தில் கைகொடுக்கும்.

பதில்: தூக்கமும் முக்கியம். 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். எழும் நேரத்தை இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டு வாங்க.

கேட்டவர்: சரி, அழுதால்?

பதில்: அழட்டும். சொல்லிவிட்டுச் சட்டென்று கிளம்புங்க, ஆனால் அவள் பார்க்காதபோது நழுவாதீங்க, மறுநாள் இன்னும் இறுக்கிப் பிடிப்பாள்.