மேடையில் டிஜே உண்மையிலேயே என்ன செய்கிறார்? எல்லாம் முன்பே பதிவு செய்ததா?

நள்ளிரவு_128 கேட்கிறார்:

எலக்ட்ரானிக் இசை கேட்க ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன, ஆனால் பெரும்பாலும் ஹெட்போனில்தான். போன மாதம் பெங்களூரில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சிக்கு நண்பர்களோடு போனேன். மேடைக்குப் பக்கவாட்டில் இடம் கிடைத்ததால் டிஜேயின் கைகள் நன்றாகவே தெரிந்தன. பாதி நேரம் இரண்டு கைகளும் மேலேதான் இருந்தன. மீதி நேரம் ஏதோ ஒரு குமிழைத் திருகிக்கொண்டே இருந்தார், அவர் திருகியதற்கும் எனக்குக் கேட்டதற்கும் என்ன தொடர்பு என்று கடைசி வரை பிடிபடவில்லை. டிராப், அதாவது ஏறிக்கொண்டே வந்த இசை சட்டென்று முழுத் தாளத்தோடும் பேஸோடும் இறங்கும் இடம், விழும் அதே நொடியில் தீப்பிழம்பு எழும்புகிறது, திரையில் படம் மாறுகிறது, காகிதத் துண்டுகள் கொட்டுகின்றன. அவர் எந்தப் பாட்டை எப்போது போடுவார் என்று தீயைக் கொளுத்துகிறவருக்கு எப்படித் தெரியும்?

கூட வந்த நண்பன் அடித்துச் சொல்கிறான், மொத்தமும் ஒரே ஃபைல், பிளே பட்டனைத் தட்டிவிட்டு ஆடுகிறார்கள், அவ்வளவுதான் என்று. டெட்மாவ்5 என்ற பிரபல எலக்ட்ரானிக் இசைக்காரர் 2012இல் "நாங்கள் எல்லோருமே பிளே அழுத்துகிறவர்கள்தான்" என்கிற மாதிரி எழுதியதையும் ஆதாரமாகக் காட்டுகிறான். போதாததற்கு இப்போது சிங்க் என்று ஒரு பட்டன் இருக்கிறதாம், இரண்டு பாட்டின் வேகத்தையும் அதுவே பொருத்திவிடுமாம். எனக்கு இந்த இசை உயிர். அதனால் விவரம் தெரிந்தவர்கள் நேராகச் சொல்லுங்கள், டிக்கெட் வாங்கிப் போய் நாம் பார்ப்பது எதை?

கன்சோல்_கிறுக்கு:

வார இறுதிகளில் கிளப்பில் வாசிக்கிறவன் நான், அதனால் என் பக்கத்தைச் சொல்கிறேன் ப்ரோ.

மேசை மேல் இருப்பது இரண்டு முதல் நான்கு பிளேயர், நடுவில் ஒரு மிக்ஸர். பெரும்பாலான இடங்களில் பயனியர் நிறுவனத்தின் சிடிஜே வகைப் பிளேயர்தான், 2001இல் வந்த சிடிஜே-1000 தொடங்கி 2020இல் வந்த 3000 வரை. பெயரில்தான் சிடி, இப்போது பாட்டெல்லாம் பென் டிரைவில். கூட்டத்துக்கு ஒரு பாட்டு ஓடும்போது அடுத்த பாட்டு டிஜேயின் ஹெட்போனில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு காதில் ஹெட்போனும் இன்னொரு காதைத் திறந்தும் வைத்திருப்பார்களே, அது ஸ்டைல் இல்லை. வெளியே ஓடுவதையும் உள்ளே ஓடுவதையும் ஒரே நேரத்தில் கேட்டாக வேண்டும்.

இனி நீங்கள் பார்த்த குமிழ். மிக்ஸரில் ஒவ்வொரு பாட்டுக்கும் ட்ரெபிள் (மேல்சத்தம்), மிட் (நடுச்சத்தம்), பேஸ் (அடிச்சத்தம்) என்று தனித்தனிக் குமிழ்கள் உண்டு. இரண்டு பாட்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டும்போது இரண்டு கிக் டிரம்மும் இரண்டு பேஸும் மோதினால் அடிச்சத்தம் குழம்பி ஒரே இரைச்சலாகிவிடும். அதனால் புதிய பாட்டின் பேஸை முழுக்கக் குறைத்துவிட்டு ஃபேடரை, அதாவது ஒலியளவு ஸ்லைடரை, மெல்ல ஏற்றுவேன். முதலில் ஹை-ஹேட் சிம்பலும் கைத்தட்டல் சத்தமும் மட்டும் பழைய பாட்டுக்குள் நுழையும், ஆடுகிறவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். பழைய பாட்டில் ஒரு பகுதி முடியும் இடம் வந்ததும் ஒரு கையால் அதன் பேஸை எடுத்து, மறு கையால் புதியதன் பேஸைத் திறப்பேன். சரியாக விழுந்தால் பாட்டு மாறியது யாருக்கும் தெரியாது, தரை மட்டும் திடீரென்று புதிதாக உதைக்கும். 128 பிபிஎம் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 128 தாள அடி என்றால், 32 தாள அடிக்குப் பதினைந்து நொடி. பெரும்பாலான நடனப் பாட்டுகள் இந்தக் கணக்கில்தான் பகுதி பகுதியாகக் கட்டப்பட்டிருக்கும். எட்டு அடி தள்ளி விட்டால்கூட ஒரு பாட்டின் டிராப் மேல் இன்னொன்றின் குரல் ஏறி உட்கார்ந்து மொத்தமும் கெட்டுவிடும்.

சிங்க் விஷயத்துக்கு வருகிறேன். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 போன்ற பழைய வினைல் தட்டு பிளேயர்களில் வேகத்தை எட்டு சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நீளமான ஸ்லைடர் இருக்கும். அதை நகர்த்தி, விரலால் தட்டை லேசாகத் தள்ளியோ பிடித்தோ இரண்டு பாட்டையும் காதாலேயே பொருத்த வேண்டும். அதைப் பழகவே மாதக் கணக்காகும். அந்த வேலையைத்தான் இப்போது இயந்திரம் செய்கிறது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, கை காலியானால் காதும் கண்ணும் கூட்டத்தின் மேல் இருக்கும். அடுத்து எந்தப் பாட்டு என்பதற்குத்தான் பட்டனே கிடையாது. இரவு பத்து மணி, பாதி அரங்கு காலி, வந்தவர்கள் சுவரோரமாக நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது 120, 122 வேகத்தில் குரல் குறைவான பாட்டுகளாகப் போட்டு அவர்களை மெல்லத் தரைக்கு இழுக்க வேண்டும். அந்த நேரத்திலேயே பெரிய ஹிட்டுகளை அடித்துத் தீர்த்துவிட்டால் அடுத்து வருகிற முக்கிய டிஜேக்கு மேலே ஏற இடமே இருக்காது. முதலில் வாசிக்கிறவரின் வேலைதான் இருப்பதிலேயே கடினம் என்று நினைக்கிறேன், ஆனால் போஸ்டரில் அவர் பெயர்தான் பொடி எழுத்தில் இருக்கும்.

மேடைப்பின்புறம்:

நான் லைட்டிங், திரை வேலையில் இருக்கிறேன். பெரிய மேடை வேறு உலகம், கிளப்பை வைத்து அதை அளக்காதீர்கள்.

விழாக்களில் ஒரு டிஜேக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கும் கொஞ்சம் மேல். நெருப்பு, லேசர், திரை என்று ஆளுக்கொரு குழு இருக்கும். டிராப்போடு நெருப்பு சேர்வதற்குப் பல வழிகள். ஒன்று, டிஜே தன் பாட்டு வரிசையை முன்கூட்டியே கொடுத்துவிடுவார், நாங்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் படத்தையும் விளக்கையும் தயார் செய்து வைப்போம். இன்னொன்று, பிளேயர்கள் நெட்வொர்க் கேபிளில் இணைந்திருக்கும், எந்தப் பாட்டு எந்த இடத்தில் ஓடுகிறது என்பது எங்கள் கணினிக்கு நொடிக்கு நொடி வந்துகொண்டே இருக்கும். அதை டைம்கோடாக, அதாவது பாட்டு இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சிக்னலாக, மாற்றித் திரைக்கும் விளக்குக்கும் அனுப்புவோம். அப்புறம் அவர் பாட்டை முன்பின்னாக மாற்றினாலும் படம் கூடவே ஓடி வரும். மூன்றாவது, இதெல்லாம் இல்லாமல் பாட்டைக் காதால் பிடித்து விரலால் அடிக்கும் ஆபரேட்டர். நல்ல ஆபரேட்டருக்குப் பாட்டு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஸ்னேர் டிரம் அடி வேகமாக ஏறும்போதே டிராப் எங்கே என்று கணக்குப் போட்டுவிடுவார்.

முழுக்கப் பதிவு செய்த செட்டை, அதாவது மொத்த நிகழ்ச்சியின் இசையையும், ஓடவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், மறைப்பதற்கில்லை. அதுவும் பாட்டு வரிசையை முன்பே திட்டமிடுவதும் ஒன்றல்ல. வரிசையைத் திட்டமிட்டு வந்து கையால் வாசிப்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அத்தனை பெரிய கூட்டத்தைக் கட்டிப்போட வேண்டும், பக்கத்திலேயே நெருப்பு வேறு எரிகிறது. அங்கே யோசித்து யோசித்துப் பாட்டு தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் ஃபேடரைக்கூடத் தொடாமல் வாசிப்பதுபோல் நடிப்பது காசு கொடுத்தவரை ஏமாற்றுவதுதான், அதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

டெட்மாவ்5 சொன்னதை உங்கள் நண்பர் பாதியில் நிறுத்திவிட்டார். தன்னுடைய நிகழ்ச்சியில் திரையும் விளக்கும் இசையோடு கட்டப்பட்டிருப்பதால் மேடையில் மாற்றக்கூடியது கொஞ்சம்தான், தன் திறமை ஸ்டுடியோவில் இருக்கிறது என்பதுதான் அவர் வாதம். சொந்தமாகப் பாட்டு உருவாக்குகிறவர் தன் பாட்டுகளை மட்டும் வைத்து நடத்தும் நிகழ்ச்சிக்கு அது பொருந்தும். டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இருவர் குழு 2006இல் அமெரிக்காவின் கோச்செல்லா விழாவில் பிரமிடு போட்டு நின்றது அந்த வகை. தங்கள் பழைய பாட்டுகளையே துண்டு துண்டாக வெட்டி ஒன்றோடொன்று பின்னி வாசித்தார்கள். இன்று பார்க்கிற பிரம்மாண்டத் திரை மேடைகளில் பல அந்த ஒரு இரவின் பாதிப்பில் வந்தவை.

இன்னொன்று. 2025 ஜூலை 16 அன்று பெல்ஜியத்தின் போம் ஊரில் டுமாரோலேண்ட் எலக்ட்ரானிக் இசை விழாவின் முக்கிய மேடை தீப்பிடித்து எரிந்துபோனது, விழா தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது. உயிர்ச்சேதம் இல்லை. மாதக் கணக்கில் கட்டிய அலங்காரம் முழுக்கச் சாம்பல். இருந்தும் 18ஆம் தேதி விழா தொடங்கியது, எரிந்த இடத்தின் முன்னாலேயே அவசரமாக ஒரு மேடை எழுப்பினார்கள், கூட்டமும் வந்து ஆடியது. எங்கள் துறைக்காரன் நானே சொல்கிறேன், அந்தப் பொம்மை கோபுரம் இல்லாமலும் இரவு நடக்கும்.

அஞ்சுனா_மணல்:

தம்பி, இந்த இசை பிறந்த இடங்களில் டிஜே மேடையிலேயே இல்லை, அதிலிருந்து பாருங்கள்.

சிகாகோவில் 1977இல் தொடங்கிய வேர்ஹவுஸ் கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே வாசித்தார். ஹவுஸ் என்ற இசை வகையின் பெயரே அந்தக் கிளப் பெயரிலிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க ஓரினச்சேர்க்கையாளர்கள், வேறு இடங்களில் கதவு திறக்கப்படாதவர்கள். அவர்கள் டிஜேயைப் பார்க்க வரவில்லை, ஒருவரையொருவர் பார்த்து ஆட வந்தார்கள். பக்கத்து டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் டெக்னோ என்ற இன்னொரு இசை வகையை உருவாக்கினார்கள். பிறகு அதே ஊரிலிருந்து வந்த ஜெஃப் மில்ஸ் மூன்று தட்டுகளும் ஒரு ரோலண்ட் டிஆர்-909 டிரம் இயந்திரமும் வைத்து வாசிப்பதைப் பாருங்கள், இணையத்தில் காணொலிகள் கிடைக்கின்றன. ஒரு பாட்டை முழுசாக ஓடவிடாமல் அடுத்ததை உள்ளே தள்ளிக்கொண்டே, இடையில் 909இல் விரலால் தாளம் போடுவார். டிஜே ஒன்றுமே செய்வதில்லை என்று உங்கள் நண்பர் சொன்னால் பேசாமல் அதைப் போட்டுக் காட்டுங்கள்.

சிங்க் பற்றிய சண்டைக்கு என் பதில் கோவாவில் இருக்கிறது. அஞ்சுனா பக்கத்துக் கடற்கரை விருந்துகளில் 80களில் கேசட்டில் வாசித்தார்கள், வினைல் தட்டு அந்த வெயிலுக்கும் புழுதிக்கும் தாங்காது. 90களில் டாட் எனப்படும் டிஜிட்டல் நாடா வந்தது. அதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை, பீட் பொருத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் அந்தக் காலத்துக் கோவா டிரான்ஸ் பாட்டுகள் பல தாளமே இல்லாத ஒரு மிதப்போடு தொடங்கி அப்படியே முடிகின்றன, ஒன்று கரையும்போது அடுத்தது எழும்ப வேண்டும். மறைந்த டிஜே கோவா கில் அப்படிப்பட்ட நாடாக்களை வைத்துக்கொண்டு இருபத்துநான்கு மணி நேரம்கூட ஒரே ஆளாக வாசித்தவர், இரவுக்கு இருட்டான பாட்டு, விடியலுக்கு வெளிச்சமான பாட்டு என்று. பீட் பொருத்தாமலே ஒரு இசை வகை பிறந்து உலகம் சுற்றியது. அப்படியிருக்க டிஜேயின் திறமை பீட் பொருத்துவதில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, அது எந்த நேரத்தில், இதுதான் வித்தை.

பெர்லினில் பெர்க்ஹைன் கிளப்பில் நுழையும்போதே போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். இங்கே எல்லோரும் டிராப் வரும்வரை போனைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்கிறார்கள், ஆடுவதற்குக் கை எங்கே இருக்கிறது? அந்த ஸ்டிக்கர் பழக்கம் நம் ஊர்களுக்கும் வந்தால் முதலில் மகிழ்கிறவன் நானாகத்தான் இருப்பேன்.

நள்ளிரவு_128:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பேஸ் மாற்றும் விஷயத்தைப் படித்துவிட்டு ஒரு பழைய செட்டைப் போட்டுக் கேட்டேன், அந்த இடம் இப்போது தெளிவாகக் கேட்கிறது! நாடா விஷயத்தை நண்பனுக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை அண்ணா. ஒரே ஒரு கேள்வி பாக்கி. அடுத்த முறை போனால் எங்கே நிற்பது? அன்று ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றதில் மறுநாள் மதியம் வரை காதில் கீச்சென்று சத்தம்.

கன்சோல்_கிறுக்கு:

சவுண்ட் மிக்ஸர் மேசை கூட்டத்தின் நடுவில் இருக்கும், அதற்குக் கொஞ்சம் முன்னால் நில்லுங்கள். ஒலியைச் சரிசெய்கிறவர் கேட்டுச் சரிசெய்வது அந்த இடத்துக்குத்தான். காதடைப்பான் கட்டாயம் வேண்டும், வெட்கமே படாதீர்கள், நாங்கள் எல்லோரும் போடுகிறோம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு, மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். அரங்குகளில் பதினைந்து நிமிடச் சராசரி 100ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறை வெளியிட்டது, நம் ஊரில் அதை யாரும் அளந்து நான் பார்த்ததில்லை. பஞ்சு வகை அடைப்பான் ட்ரெபிளை அதிகமாகத் தின்றுவிடும், இசைக்காரர்களுக்கென்று ஃபில்டர் வைத்தது கிடைக்கிறது, அதில் பாட்டு பாட்டாகவே கேட்கும், அளவு மட்டும் குறையும். கீச் சத்தம் ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம் சீக்கிரம் போங்கள் ப்ரோ. கதவு திறந்தவுடன் போனால் அந்தப் பொடி எழுத்துக்காரர் வாசிப்பதைப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம், தடுப்புக் கம்பிக்கு முன்னால் அப்போது யாரும் இருக்க மாட்டார்கள்.