எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: 35க்குக் கீழே இருப்பவர் மருத்துவரிடம் பேசவே கூடாதா?

சேலம் செல்வி:
நேற்று இன்னொரு இழையில் சர்க்கரை நோயாளி ஒருவர், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றித் தம் மருத்துவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேட்டிருந்தார். அதற்குக் காப்பீட்டு முகவர் மணியன் அவர்கள், "பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 35ஐத் தொடாதவர் இதைப் பற்றி மருத்துவரிடம் வாயைத் திறக்கவே வேண்டாம்; திறந்தால் மருத்துவமனைக்குத்தான் வருமானம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கேட்டவரும் நன்றி கூறி ஒதுங்கிவிட்டார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

என் உயரம் 160 சென்டிமீட்டர், எடை 85 கிலோ. கணக்குப் போட்டால் 33.2 வருகிறது. மூன்று வகை மாத்திரையும் இரவில் இன்சுலினும் எடுத்துக்கொண்டும் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 9க்குக் கீழே இறங்க மறுக்கிறது. மணியன் சொல்லும் 35ஐ எட்ட வேண்டுமானால் நான் இன்னும் நாலரை கிலோவுக்கு மேல் ஏற வேண்டும். ஏறிவிட்டு வந்துதான் வாயைத் திறக்க வேண்டுமா? 35 என்பது காப்பீட்டு நிறுவனம் பணம் தருவதற்கு வைத்திருக்கும் எண். மருத்துவரிடம் பேசுவதற்கு எவரும் எண் வைக்கவில்லை. நம்மைப் போன்ற ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது என்பதால், பிஎம்ஐ 27.5 முதலே இந்த வாய்ப்பை முன்வைக்கலாம் என்று, எடைக்குறைப்பு அறுவை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமும் பன்னாட்டுக் கூட்டமைப்பும் 2022இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. 1991இல் அமெரிக்காவில் வகுத்த, பிஎம்ஐ 40, கூடவே கடுமையான வேறு நோய் இருந்தால் 35 என்ற கணக்கை மருத்துவர்களே கடந்து வந்த பிறகு, நாம் ஏன் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

முகவர் மணியன்:
அம்மணி, காப்பீட்டுத் துறையிலேயே தலை நரைத்தவன் நான். எனக்கு விதி கற்றுத்தர வேண்டாம். 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்தது இதுதான்: பிஎம்ஐ 40 இருக்க வேண்டும், இல்லையென்றால் 35உடன் கடுமையான இணைநோய் இருக்க வேண்டும். 34.9 என்றாலும் க்ளெய்ம் கிடையாது. மருத்துவர் ஆசை காட்ட, நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, பிறகு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து அழுத குடும்பங்கள் உண்டு. அமெரிக்காக்காரன் 27.5 என்று எழுதினால் அவனா வந்து பில் கட்டுவான்? 35 இல்லையென்றால் பேச்சில்லை. சிறுதானிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் வெளிநாட்டு ஆராய்ச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

சேலம் செல்வி:
சிறுதானியத்தை இங்கே இழுக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அதே 2019 விதிக்கு வருகிறேன். அதன் முதல் நிபந்தனை என்ன என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அறுவை சிகிச்சை மருத்துவரின் ஆலோசனையின் பேரில் நடக்க வேண்டும் என்பதே அது. 35க்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது: உடலை அறுக்காத எளிய வழிகள் முயன்று தோற்றிருக்க வேண்டும். உணவு மாற்றினோம், நடந்தோம், மருந்து எடுத்தோம், பலிக்கவில்லை என்பதை யார் எழுதிக் கொடுப்பது? மருத்துவர்தான். இத்தனை வருடம் வாயைத் திறக்காத நோயாளியின் கோப்பில் அது எப்படி ஏறும்? நாளைக்கே ஒருவருக்கு 36 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு மௌனமாக இருந்தவரிடம் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இருக்காது. அவரை அப்படி வெறுங்கையோடு நிறுத்துவது நீங்கள் சொல்லும் இந்த 35தான்.

கோவை ரகு:
நான் ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை செய்துகொண்டவன். எனக்கு 41 இருந்ததால் இந்த 35 சண்டை எனக்குப் பொருந்தாது. ஆனால் செல்வி அக்கா பேசுவதுபோல் இது மருத்துவரிடம் பேசிப் பேசித் தீர்க்கும் காரியம் இல்லை. குடும்ப மருத்துவரிடம் கேட்டால் "நடங்கள்" என்பார். நேராக அறுவை மருத்துவரிடம் போய்விடுங்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள், பசி அடங்கியது, சர்க்கரை மாத்திரையை மருத்துவரே நிறுத்தினார். பயந்துகொண்டே இருப்பவர்கள் கடைசிவரை பேசிக்கொண்டேதான் இருப்பார்கள்.

மருந்துக்கடை பழனி:
ரகு அவர்களே, உங்களுக்கு நன்றாக அமைந்தது என்பதற்காக ஊருக்கே அதைச் சொல்லாதீர்கள். என் மைத்துனர் உங்களைப் போலவே நேராக அறுவை மருத்துவரிடம் போனவர். பல வருடமாக நெஞ்செரிச்சலுக்கு என் கடையிலேயே மாத்திரை வாங்கித் தின்றவர், அதை அங்கே சொல்லவே இல்லை. அவர்களும் துருவிக் கேட்கவில்லை. ஸ்லீவ் செய்தபின் எரிச்சல் பல மடங்காகி, இப்போது இரவில் தலையணையை உயர்த்தி வைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். ஸ்லீவ் அமிலத்தை மேலே ஏற்றக்கூடும் என்பதும், எரிச்சல் உள்ளவர்களுக்கு, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் பொருத்தமாக இருக்கலாம் என்பதும் குடும்ப மருத்துவரிடம் அரை மணி நேரம் பேசியிருந்தாலே தெரிந்திருக்கும். பைபாஸ் செய்தவர்களுக்கும் தனிக் கவலை உண்டு: மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் விழுங்கினால், குடலை இணைத்த இடத்தில் புண் வரக்கூடும். சாப்பிடும் மாத்திரைப் பட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மருத்துவர் மேசையில் கொட்டுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள், இவையே எடையை ஏற்றக்கூடியவை.

கோவை ரகு:
உங்கள் மைத்துனர் தம் நோயை மறைத்தால் அது ஸ்லீவின் குற்றமா? எனக்கு ஒரு நாள்கூட எரிச்சல் வந்ததில்லை. மருந்து விற்பவர்கள் அறுவை சிகிச்சையை ஏன் எதிர்க்கிறார்கள் என்பது எல்லோருக்கும் புரியும்.

மருந்துக்கடை பழனி:
நான் எதிர்க்கவில்லை. வயிற்றை வெட்டிய பிறகு பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி என்று ஆயுள் முழுவதும் என் கடைக்குத்தான் வருவீர்கள். இதில் எனக்கு நட்டம் எங்கே இருக்கிறது? நீங்கள் கடைசியாக பி12 அளவைப் பார்த்தது எப்போது என்று மட்டும் சொல்லுங்கள்.

முகவர் மணியன்:
பார்த்தீர்களா, இதற்குத்தான் 35 என்று வைத்திருக்கிறார்கள். 2024இல் சென்னைப் புறநகரில் இந்த அறுவை சிகிச்சைக்குப் போன இளைஞர் ஒருவர் உயிருடன் திரும்பவில்லை. அந்த மருத்துவமனையின் உரிமத்தையே அரசு நிறுத்தி வைத்தது. 33 உள்ள பெண்மணி எதற்காக அந்தக் கத்திக்குத் தலையைக் கொடுக்க வேண்டும்? 35க்கு மேல் ஆபத்தில் இருப்பவர்கள் வேறு வழியின்றிப் போகட்டும்.

சேலம் செல்வி:
ஓர் உயிர் போனதை உங்கள் 35க்குச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். அப்படி நடக்கக்கூடாது என்றால் என்ன செய்ய வேண்டும்? முன்கூட்டியே கேட்க வேண்டும். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, மயக்க மருத்துவர் யார், இரவில் இரத்தம் கசிந்தால் யார் வந்து பார்ப்பார், இந்த அறுவையை அந்த மருத்துவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்றெல்லாம் கேட்க வேண்டும். இவற்றை எப்படிக் கேட்பது என்று சொல்லித்தரக்கூடியவர் நம்மை நெடுநாள் அறிந்த மருத்துவர். அவரிடம் பேசாதே என்கிறீர்கள் நீங்கள்.

என் மருத்துவரிடம் நான் பேசிய விதத்தைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். முதலில் கேட்டபோது அவர் மருந்துச் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சோற்றைக் குறையுங்கள், நடங்கள்" என்றார். வெளியே வராந்தாவில், வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி செவிலியர் என் எடையைக் கூவினார். அந்த வெட்கத்திலேயே பேச்சை விட்டுவிடுபவர்கள்தான் நம்மில் அதிகம்; என் அக்கா அப்படித்தான் விட்டார், இன்று அவருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது. நான் விடவில்லை. அடுத்த முறை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: திருமணத்தின்போது என்ன எடை, ஒவ்வொரு பிரசவத்துக்குப் பின்னும் எவ்வளவு ஏறியது, என்னென்ன உணவு முறைகளை முயன்று எவ்வளவு குறைந்து எப்போது திரும்ப ஏறியது, தூக்கத்தில் என் குறட்டை நின்று மூச்சும் நிற்பதாகக் கணவர் சொல்வது, காலையில் தலைவலியோடு எழுவது. அந்தக் கடைசி இரண்டு வரிகளைப் படித்ததும் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்து என் கழுத்தைச் சுற்றி அளந்தார். தூக்கப் பரிசோதனை, தைராய்டு, எண்டோஸ்கோபி என்று எழுதிக் கொடுத்தார். தூக்கத்தில் மூச்சு நிற்பது தெரியாமல் மயக்கம் கொடுத்தால் அதுவே உயிருக்கு ஆபத்து என்று விளக்கினார். 33.2 என்பதைப் பார்த்து அவர் என்னை வெளியே அனுப்பவில்லை. அறுவை வேண்டுமா என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை, செய்யாமலும் போகலாம். ஆனால் அந்தப் பேச்சை 35 வரும்வரை நான் தள்ளிப்போட்டிருந்தால், தூக்கத்தில் என் மூச்சு நிற்பது இன்றும் யாருக்கும் தெரிந்திருக்காது.

காவிரிக்கரை:
இவ்வளவு சண்டை எதற்கு என்று புரியவில்லை. 2025இல் எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசி இந்தியாவுக்கே வந்துவிட்டது, செமாக்ளுடைடின் எடைக்குறைப்பு ஊசியும் வந்துவிட்டது. வாரம் ஒரு ஊசி. அறுவையின் காலம் முடிந்தது.

மருந்துக்கடை பழனி:
ஊசியை நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி ஒரு வருடத்துக்குள் திரும்புகிறது என்று ஆய்வே வந்திருக்கிறது. மாதாமாதம் அதற்கு ஆகும் செலவை யார் கொடுப்பது? ரகு அவர்கள் பி12 கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கோவை ரகு:
என் இரத்தப் பரிசோதனை என் சொந்த விஷயம். உங்கள் கடைக்கு நான் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

சேலம் செல்வி:
காவிரிக்கரை அவர்களே, ஊசியா அறுவையா என்பதும் மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயமே. கருத்தரிக்க நினைப்பவர் அதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறுவைக்குப் பின் ஒன்று, ஒன்றரை வருடம் தள்ளிப்போடச் சொல்வார்கள். மதுப் பழக்கம் இருப்பவர் மறைக்கக்கூடாது, பைபாஸுக்குப் பின் போதை வேகமாக ஏறும். இவற்றில் எதற்கு மணியன் அவர்களுடைய 35 வேண்டும்?

முகவர் மணியன்:
எல்லாவற்றுக்கும் வேண்டும். கடைசியில் பில் வரும்போது நீங்கள் தேடி வரப்போவது மருத்துவரை அல்ல, என்னைப் போன்ற முகவரைத்தான். அப்போது கழுத்தளவைக் காட்டினால் காசு வராது. 35.

சேலம் செல்வி:
பணம் வராது என்று எச்சரியுங்கள், அது உங்கள் தொழில், அதை நான் தடுக்கவில்லை. "மருத்துவரிடம் வாயைத் திறக்காதே" என்று எந்த விதியில் இருக்கிறது? அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துப் போடுங்கள். நேற்று கேள்வி கேட்டவருக்கு நான் தனியாக எழுதிவிட்டேன், வரும் திங்கட்கிழமை அவர் தம் மருத்துவரைப் பார்க்கப் போகிறார்.

முகவர் மணியன்:
போகட்டும். அவருடைய பிஎம்ஐ என்ன என்று கேட்டீர்களா?