காத்திருக்கும் பிள்ளைகளின் படங்களை இணையத்தில் பார்ப்பது எனக்கு மட்டும்தான் உறுத்துகிறதா?

எடிசன்வாசி:

வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மூன்று முறை ஐவிஎஃப் செய்து பார்த்துவிட்டுப் போதும் என்று நிறுத்திவிட்டோம். ஃபாஸ்டர் கேரில், அதாவது அரசின் பொறுப்பில் தற்காலிக வீடுகளில், இருக்கும் பிள்ளையைத் தத்தெடுக்கலாம் என்று முடிவு செய்து, தத்தெடுப்பவர்களுக்கான ப்ரைட் பயிற்சிக்குப் போனோம், வீட்டையும் எங்களையும் விசாரிக்கும் ஹோம் ஸ்டடியும் முடிந்துவிட்டது.

போன வாரம் எங்கள் கேஸ் ஒர்க்கர் (எங்கள் விஷயத்தைக் கவனிக்கும் சமூகப் பணியாளர்), "அடாப்ட்யுஎஸ்கிட்ஸ் தளத்தையும் பார்த்துவையுங்கள்" என்றார். தத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் படங்களைப் போடும் தளம் அது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்தோம். வயது, ஆணா பெண்ணா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று டிக் அடித்தால் கீழே வரிசையாக முகங்கள் வருகின்றன. இவர் ஐந்து நிமிஷம் பார்த்தார். "தீபாவளிக்குச் சேலை தேடுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். நான் மட்டும் ஒரு மணி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, சிவப்பு ஸ்வெட்டர். கண்ணை மூடினால் அவள் முகம்தான் வருகிறது.

இதை யார், எப்போது ஆரம்பித்தார்கள்? ஒரு பிள்ளையின் படத்தை ஊரே பார்க்கப் போடலாம் என்று எப்படித் தோன்றியது? "கட்டுக்கோப்பான வீட்டில் நன்றாக வளர்வாள்" என்றெல்லாம் எழுதியிருக்கிறார்களே, அதற்கு என்னதான் அர்த்தம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுக்குக்காப்பி:

இணையத்தையும் தத்தையும் சேர்த்ததே தப்பு என்பது என் கட்சி. 2001-ல் பேப்பர் முழுக்க வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்காவில் பிறந்த இரட்டைப் பெண் குழந்தைகளை ஒரு தரகர் இணையம் வழியாக முதலில் கலிஃபோர்னியாத் தம்பதிக்கும், அப்புறம் பிரிட்டனிலிருந்து வந்த இன்னொரு தம்பதிக்கும் கைமாற்றினார். கடைசியில் இரண்டு நாட்டு நீதிமன்றமும் தலையிட வேண்டியதாயிற்று. கடை விரித்தால் வியாபாரிதான் வருவான். உங்கள் கணவர் சொன்னதில் எனக்குத் தப்பே தெரியவில்லை.

பழைய_மோடம்:

சுக்குக்காப்பி, அது வேறு கதை. அதில் நடுவில் நின்றது பணம் வாங்கிய தனியார் தரகர். எடிசன்வாசி பார்ப்பது அரசின் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளை. அங்கே பிள்ளையைக் கொடுக்க யாரும் விலை வாங்குவதில்லை. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறாதீர்கள்.

எடிசன்வாசி, கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கங்களை உட்கார்ந்து செய்தவர்களில் நானும் ஒருத்தி.

1998-ல் கணவரின் ஒய்டூகே (2000-ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறைச் சரிசெய்யும்) வேலைக்காக ஃபிலடெல்ஃபியா பக்கம் வந்தோம். எனக்கு ஹெச்-4 என்ற துணைவர் விசா. அப்போது அதில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. பனிக்காலத்தில் அப்பார்ட்மென்ட்டில் தனியாக இருந்து பைத்தியம் பிடிக்காத குறை. நூலகத்தில் பழக்கமான ஒரு அம்மாள் சின்னத் தத்து நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே சும்மா உதவிக்குப் போனேன். திருச்சியில் ஒரு கணினி மையத்தில் ஆறு மாதம் இணையப் பக்கம் செய்யும் ஹெச்டிஎம்எல் படித்தவள் என்று தெரிந்ததும் ஸ்கேனருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் ஒன்று. படம் போடும் பழக்கம் இணையத்தோடு வந்ததில்லை. நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில் இருந்த சில்ட்ரன் அவெய்ட்டிங் பேரன்ட்ஸ் என்ற அமைப்பு 70-களிலிருந்தே நாடு முழுவதற்குமாகப் படப்புத்தகம் ஒன்று போட்டுவந்தது. மாநிலங்களும் தனித்தனியாக வைத்திருந்தன. எங்கள் அலுவலகத்தில் இருந்தது ரெங்கநாதர் கோயில் பஞ்சாங்கத்தைப் போல நாலு மடங்கு தடிமன், வளையம் போட்ட கோப்பு. ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். புதுத் தாள்கள் தபாலில் வரும். வீடு கிடைத்த பிள்ளையின் தாளைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். கழற்ற மறந்துவிட்டால் அவ்வளவுதான், ஏற்கெனவே வீடு கிடைத்த பிள்ளைக்கு ஒரு தம்பதி மூன்று வாரம் மனசுக்குள் தொட்டில் கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கோப்பைப் பார்க்க வேண்டுமென்றால் அலுவலக நேரத்தில் நேரில் வர வேண்டும், கூட ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

90-களின் நடுவில் அந்த ரோசெஸ்டர்காரர்களும் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த நேஷனல் அடாப்ஷன் சென்டரும் சேர்ந்து 'ஃபேசஸ் ஆஃப் அடாப்ஷன்' என்று ஒரு தளம் தொடங்கினார்கள். 1997-ல் ஒரு மத்திய சட்டம் வந்தது. கடைசி 22 மாதங்களில் 15 மாதம் பிள்ளை ஃபாஸ்டர் கேரில் இருந்தால், சில விலக்குகள் தவிர, பெற்றோரின் உரிமையை ரத்து செய்ய மாநிலமே மனு போட வேண்டும். அப்படி ரத்தான பிறகு அந்தப் பிள்ளைக்கு வீடு வேண்டுமே? அப்போதே சுமார் ஒரு லட்சம் பிள்ளைகள் காத்திருந்தார்கள். 1998 நவம்பரில் கிளின்டன், இணையத்தை இதற்கு இன்னும் விரிவாகப் பயன்படுத்தத் திட்டம் போடுங்கள் என்று சுகாதாரத் துறைக்கு உத்தரவு போட்டார். அதன் தொடர்ச்சியாக 2002-ல் வந்ததுதான் நீங்கள் பார்த்த தளம்.

ஏன் தேவைப்பட்டது என்றால், ஒரு கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கேஸ் ஒர்க்கருக்குத் தன் மேஜை இழுப்பறையில் இருக்கும் குடும்பங்களை மட்டும்தான் தெரியும். இந்தப் பிள்ளைக்கு ஏற்ற வீடு அடுத்த மாநிலத்தில் இருக்கலாம். அந்த வீட்டுக்காரர்களின் ஃபைல் வேறொருத்தரின் இழுப்பறையில் தூங்கும். இழுப்பறையைத் திறப்பதுதான் நோக்கம். கடை விரிப்பது இல்லை.

சரி, நான் செய்த வேலைக்கு வருகிறேன். கேஸ் ஒர்க்கர்கள் போலராய்டு படம் கொண்டுவருவார்கள். அதை ஸ்கேன் செய்து, 28.8 என்ற மெதுவான தொலைபேசி மோடத்தில் இருப்பவருக்கும் சீக்கிரம் வரும்படி இருபது கேபிக்குள் சுருக்க வேண்டும். ஃபாஸ்டர் கேரில் கறுப்பினப் பிள்ளைகள் அப்போது ரொம்ப அதிகம். ஃப்ளாஷ் போட்டு வெள்ளைச் சுவரின் முன்னால் நிறுத்தி எடுத்த படத்தில் அந்த முகங்கள் கரிக்கோடாகத்தான் விழும். அதையும் சுருக்கினால் இரண்டு கண்ணும் பல்லும் மட்டும் மிச்சம். என் கல்யாண ஆல்பத்தில் நானும் அப்படித்தான் இருப்பேன், அதனால் எனக்குச் சட்டென்று உறைத்தது. ஒவ்வொரு முகத்துக்கும் வெளிச்சம் கூட்டி, நெற்றிக்கும் கன்னத்துக்கும் நடுவே நிழல் தெரியும்வரை உட்கார்ந்து இழைப்பேன். ஒரு படத்துக்கு அரை நாள் ஆகும். "எதுக்கு இவ்வளவு மெனக்கெடுறே?" என்றார் ஒருவர். முகமே தெரியாத பிள்ளையை யார் கிளிக் செய்வார்கள்? பிறகு 2001-ல் நியூ மெக்சிகோவின் சான்டா ஃபேயில் ஹார்ட் கேலரி என்று தொடங்கி, நல்ல புகைப்படக்காரர்கள் இந்தப் பிள்ளைகளை இலவசமாகப் படம் எடுத்துக் கண்காட்சி வைத்தார்கள் என்று படித்தபோது, அப்பாடா என்றிருந்தது.

படத்துக்குக் கீழே வரும் அந்தப் பத்தி ஒரு தனி பாஷை. "சுறுசுறுப்பானவன்" என்றால் ஓரிடத்தில் உட்காரமாட்டான். "கட்டுக்கோப்பான வீடு" என்றால் கோபம் வந்தால் சமாளிப்பது கஷ்டம், வீட்டில் ஒழுங்குமுறை வேண்டும். "ஒரே பிள்ளையாக இருந்தால் நல்லது" என்று இருந்தால், ஏன் என்று கட்டாயம் கேளுங்கள். பொய் கிடையாது, ஆனால் முழுசும் கிடையாது. உலகமே படிக்கும் பக்கத்தில் ஒரு பிள்ளையின் காயத்தை எழுத முடியாது என்பது ஒரு பக்கம். யாரும் பயந்து ஓடிவிடக் கூடாதே என்பது இன்னொரு பக்கம்.

பதினோரு வயதுப் பையன் ஒருவன், தன் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று கேஸ் ஒர்க்கரை நச்சரித்து ஒருநாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டான். நெட்ஸ்கேப் என்ற அந்தக் காலத்து உலாவியில் திறந்து காட்டினேன். மேலிருந்து கோடு கோடாகப் படம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் பத்தியை விரல் வைத்து வாசித்தான். "சுறுசுறுப்பானவன்னு போட்டிருக்கீங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்" என்றான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாற்றலாமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தான். "தங்கச்சி வேற வீட்டுல இருக்கா. மாசம் ஒரு தடவையாவது அவளைப் பார்க்கக் கூட்டிட்டுப் போறவங்களா இருக்கணும். அதைப் போடுங்க. நாய்னா பயம், பூனைன்னா பரவாயில்லை." கேஸ் ஒர்க்கர் தலையாட்டினார். அவன் எதிரிலேயே தட்டச்சு செய்து தளத்தில் ஏற்றினேன். நான் செய்த பக்கங்களிலேயே சரியான பக்கம் அதுதான்.

ஆனால் கோளாறு இருந்தது பக்கத்தில் இல்லை, அதற்குப் பின்னால். மின்னஞ்சல் வந்து குவிந்தது. பாதிப் பேர் கைக்குழந்தை கேட்டார்கள், பல பேருக்கு ஹோம் ஸ்டடி என்றால் என்னவென்றே தெரியாது. அதற்கிடையில் நிஜமான ஆட்களும் இருப்பார்கள். கேஸ் ஒர்க்கர்களில் பாதிப் பேருக்கு மின்னஞ்சலே கிடையாது. நான்தான் அச்செடுத்து அவரவர் தட்டில் வைப்பேன். இந்தப் பையனுக்காக ஒரு தம்பதி எழுதிய கடிதம் ஐந்து வாரம் தட்டிலேயே கிடந்தது. ஹோம் ஸ்டடி முடித்தவர்கள், பூனை வளர்ப்பவர்கள். அவனுடைய கேஸ் ஒர்க்கரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, அவர் தலையில் அத்தனை கேஸ். வேறு மாநிலக் குடும்பம் என்றால் 1960-ல் போட்ட மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தின்படி காகிதம் இங்கிருந்து அங்கே போய்த் திரும்ப வேண்டும். பிள்ளையின் முகம் ஒரு நிமிஷத்தில் நாடு முழுக்கப் போய்விடும், ஃபைல் மாட்டு வண்டியில் போகும்.

மறு வருஷம் அவன் பக்கத்தை எடுத்துவிடு என்று ஒரு சீட்டு வந்தது. வீடு கிடைத்தாலும் அதே சீட்டு, வேறு திட்டத்துக்கு மாற்றினாலும் அதே சீட்டு. சும்மா உதவிக்கு வருபவளிடம் காரணம் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. எடுத்துவிட்டேன்.

எடிசன்வாசி:

அக்கா, ஆபீஸில் உட்கார்ந்து படித்து அழுதுவிட்டேன். ராத்திரி இவரிடமும் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். விசாரிப்பதானால் என்ன கேட்க வேண்டும்?

வரிசையில்_நிற்பவள்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், நான் சென்னை. இங்கே தலைகீழ். தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் கேரிங்ஸ் தளத்தில் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளையின் அடையாளத்தை வெளியே காட்டக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்திலேயே இருக்கிறது, அதனால் பொதுவில் படமே கிடையாது. நம் முறை வரும்போது ஒரு பிள்ளையின் விவரத்தைக் காட்டுவார்கள், 48 மணி நேரத்துக்குள் சரி என்று சொல்ல வேண்டும். ஒரு விதத்தில் நிம்மதி, தேர்ந்தெடுக்கும் பாவம் நமக்கில்லை. ஆனால் பெரிய பிள்ளைகளும் மருத்துவச் சிக்கல் உள்ள பிள்ளைகளும் இங்கேயும்தான் காத்திருக்கிறார்கள். முகம் தெரிந்திருந்தால் யாராவது மனசு மாறியிருப்பார்களோ என்று அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது.

சுக்குக்காப்பி:

தட்டில் கிடந்த கடிதம் மனசைப் பிசைகிறது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். அந்தப் பையனின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால்?

பழைய_மோடம்:

சுக்குக்காப்பி, பார்த்தார்கள். அவன் பக்கத்தை இல்லை, பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தியின் பக்கத்தை. பள்ளி நூலகத்தில் எவனோ அச்செடுத்து அவள் லாக்கரில் ஒட்டிவிட்டான். அன்றைக்கே எடுத்தோம். அதற்கப்புறம் விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் சம்மதம் கேட்காமல் போடுவதில்லை என்று எங்கள் அலுவலகத்தில் வைத்துக்கொண்டார்கள். அவளிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இதற்கு என்னிடம் பதில் இல்லை, அதனால்தான் முதலில் எழுதாமல் விட்டேன்.

எடிசன்வாசி, தளத்தில் இருக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் கேஸ் ஒர்க்கருக்கு ஃபோன் போடும்படி உங்கள் கேஸ் ஒர்க்கரிடம் சொல்லுங்கள், ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் மறுபடியும் போடச் சொல்லுங்கள். தொல்லை என்று நினைத்தால் நினைக்கட்டும். கூடப் பிறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள், இதுவரை எத்தனை வீடு மாறியிருக்கிறாள், அவளே என்ன கேட்கிறாள், இதையெல்லாம் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தப் படம் எப்போது எடுத்தது என்று கேளுங்கள்.

எடிசன்வாசி:

இன்றைக்குப் பேசினார்கள் அக்கா. மூன்றாவது ஃபோனில்தான் ஆள் கிடைத்தது. எங்கள் ஹோம் ஸ்டடியை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் இரண்டு குடும்பங்களின் ஃபைலும் இருக்கிறதாம். படம் இரண்டு வருஷம் பழசு. இப்போது பதினொன்று முடியப்போகிறது, கண்ணாடி போட்டிருக்கிறாளாம். அந்த ஸ்வெட்டர் அவளுடையதே இல்லையாம், படம் எடுக்கிற அன்றைக்கு யாரோ கொடுத்தது. அவளுக்குச் சிவப்பு பிடிக்காதாம்.