ஆஸ்பத்திரி வாசல்ல கஞ்சி ஊத்துன அக்கா. உங்களுக்கும் இப்படி யாராவது இருந்தா எழுதுங்க

காசிமேடு கடலோரம்

மூணு வருஷமா மனசுல கெடந்து உறுத்துது, இன்னிக்கு எழுதியே தீரணும்னு உக்காந்துட்டேன். அப்பாவுக்கு ஸ்ட்ரோக், கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, பதினேழு நாள். உள்ள ஒரு ஆளுக்குத்தான் பாஸ், அம்மா உள்ள, நான் வெளிய பிளாட்பாரத்துல பாய போட்டு. அங்க படுத்தவங்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்ல.

காலையில அஞ்சரைக்கு ஷேர் ஆட்டோல அந்த அக்கா வந்து எறங்குவாங்க. ரெண்டு பெரிய எவர்சில்வர் தூக்கு, நொய்க்கஞ்சி, பூண்டும் வெந்தயமும் போட்டது, தனியா ஒரு டப்பால துவையல். காதுல கழுத்துல பொட்டு நகை கெடையாது, அத வச்சுதான் பெந்தெகொஸ்தே சபைன்னு புரிஞ்சுகிட்டேன், அவங்களா ஒரு வார்த்தை சொன்னதில்ல. நோட்டீஸ் குடுக்கல, ஜெபம் பண்ணட்டுமான்னு கேக்கல. ஊத்துவாங்க, தூக்க கழுவுவாங்க, போயிடுவாங்க.

ஒரு நாள் லைன்ல ஒருத்தரு நல்லா குடிச்சிருந்தாரு. என்ன கோவமோ, வாங்குன கஞ்சிய அப்படியே அவங்க கை மேல வீசிட்டாரு. கொதிக்கிற கஞ்சி. அவங்க கைய உதறிட்டு குழாய்கிட்ட போய் தண்ணில காட்டிட்டு திரும்பி வந்து, இன்னொரு டம்ளர் ஊத்தி, அவரு கையில குடுக்காம பக்கத்துல தரையில வச்சு, "சூடா இருக்குண்ணா, ஆறட்டும், அப்புறமா குடிங்க"ன்னாங்க.

எனக்கு உறுத்துறது அது இல்ல. லைன்ல அடுத்தது நான். அவங்க கை செக்கச்செவேல்னு கெடக்கறத பாத்துகிட்டே டம்ளர நீட்டினேன். "என்னக்கா, மருந்து போடலாமா"ன்னு ஒரு வார்த்தை கேக்கல, பசி. மறுநாள் கையில வெள்ளத்துணிய சுத்திகிட்டு வந்து எடது கையால ஊத்துனாங்க. அப்பா போனப்புறம் அந்தப் பக்கமே போகல நான். பேரு கூட தெரியாது.

ஜாபர்கான்பேட்டை தம்பி

அண்ணே படிச்சதும் எனக்கு 2015தான் ஞாபகம் வந்துச்சு. டிசம்பர் 1 ராத்திரி அடையாறு ஏறினது எல்லாருக்கும் தெரியும், எங்க வீட்ல மொத மாடி படிக்கட்டு பாதி வரைக்கும் தண்ணி. மொத வாரம் பிரெட்டும் பிஸ்கட்டும் பால் பவுடரும் லாரி லாரியா வந்துச்சு, குறையே சொல்ல மாட்டேன், மெட்ராஸே எறங்கி வேலை பாத்துச்சு. ஆனா பொங்கல் கிட்ட வரும்போது தெருவுல வெளியாளு ஒருத்தர் இல்ல. சேறு மட்டும் இருந்துச்சு.

அப்பவும் சனிக்கிழமை சனிக்கிழமை வந்தது பக்கத்து சர்ச் ஆளுங்க ஒரு ஏழெட்டு பேர். அதுல ரயில்வேல ரிட்டயர்டு ஆன ஒரு தாத்தா, எங்க தெரு பசங்களோட சர்டிபிகேட், ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாத்தயும் வாங்கிட்டு போய் சர்ச்சுக்குள்ள பெஞ்சு மேல வரிசையா பரப்பி, ஒவ்வொண்ணு நடுவுலயும் நியூஸ்பேப்பர் வச்சு, மூஞ்சிக்கு போடுற பவுடர தூவி, பறக்காம இருக்க மேல கீர்த்தனை புக்கு வச்சிருந்தாரு. உள்ள நுழைஞ்சப்ப பாத்தேன், எங்க தெரு மொத்தமும் அந்த பெஞ்சு மேல கெடந்துச்சு, யாரோட கல்யாண போட்டோ கூட. என் தங்கச்சி ப்ளஸ் டூ மார்க் ஷீட்ல மை பூரா ஓடிடுச்சு, ரிஜிஸ்டர் நம்பர் மட்டும் தப்பிச்சுது, டூப்ளிகேட் சர்டிபிகேட் குடுக்குற கேம்புக்கு அத வச்சுதான் போனோம். மாசி வரைக்கும் வந்தாரு அந்த தாத்தா. வெறும் காகிதம்தானேன்னு நெனைக்கிறவங்களுக்கு சொல்றேன், அதுல ஒண்ணு இல்லன்னா எங்கள மாதிரி வீட்டுல ஒரு தலைமுறை நின்னு போயிடும்.

மாம்பலம் மாமி பொண்ணு

படிக்க நல்லா இருக்கு, யாரையும் புண்படுத்த எழுதல. ஆனா எனக்கு நடந்ததையும் எழுதணும் இல்லையா. அம்மா கடைசி ஸ்டேஜ், ஒரு ஆஸ்பத்திரில இருந்தோம். நான் டீ வாங்க கீழ போய்ட்டு வர்றேன், ரெண்டு பேர் அம்மா தலைமேல கைய வச்சு சத்தமா ஜெபம் பண்ணிண்டு இருக்கா. அம்மாவுக்கு பேச்சு வராது. நெத்தில காலம்பற நான் இட்டுவிட்ட விபூதி அவா எண்ணெய் தடவினதுல கரைஞ்சு போயிருந்தது. அம்மா கண்ணு என்னையே பாத்துது. அந்த பார்வைதான் எனக்கு இன்னும் போகல. அவாளும் சேவைன்னுதான் நெனச்சிண்டு வந்திருப்பா. கஞ்சிக்கும் துணிக்கும் பின்னாடி ஒரு கணக்கு இருக்குமோன்னு அன்னியிலேர்ந்து எனக்கு சந்தேகம்.

பெரம்பூர் லோகோ

மேடம், உங்க அம்மாவுக்கு நடந்தது தப்பு. நான் கிறிஸ்தவன், எங்க ஆளுங்க செஞ்சதுன்னு மூடி மறைக்க மாட்டேன். பேச முடியாதவங்க தலைமேல கேக்காம கை வைக்கறது அன்பு கெடையாது. ஆனா அத வச்சு எல்லாத்துக்கும் பின்னாடி கணக்குன்னு சொல்றது நியாயம் இல்லீங்க. மதம் மாத்துறதுக்குன்னா மனுசன் இவ்ளோ நாள் தாங்க மாட்டான், எப்பவோ விட்டுட்டு போயிடுவான்.

எங்க ஏரியால ஒரு நர்ஸம்மா, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவங்க. வியாழக்கிழமை ஆனா தொழுநோய் வந்து குணமானவங்க இருக்குற ஒரு காலனிக்கு போய் கால் புண்ணுக்கு கட்டு போடுவாங்க. ஒரு வாரம் பைக்ல கொண்டுபோய் விடச் சொன்னாங்க, உள்ளயும் போனேன். ஒரு பெரியவரு பாதத்துல, கட்டைவிரலுக்கு கீழ, ஒரு ரூபா காசு அளவு குழி. அவங்க தரையில சம்மணம் போட்டு அந்த கால தூக்கி தன் மடியில வச்சுகிட்டு, ஓரத்துல காய்ஞ்ச தோல பொறுமையா சீவி எடுக்கறாங்க, பெரியவரு அந்தப் பக்கம் ரேடியோ கேட்டுட்டு இருக்காரு, வலியே தெரியாது அவருக்கு. நோய் எப்பவோ மருந்துல போயிடுச்சு, செத்த நரம்பு செத்ததுதான். கல்லு குத்தினாலும் தெரியாது, செருப்பு ஆணி ஏறினாலும் தெரியாது, அதனாலதான் புண்ணு. விரல் அழுகி விழுறது நோயால இல்ல, வலி தெரியாம அடி பட்டு பட்டுதான்னு கண்டுபிடிச்சு சொன்ன டாக்டர் பால் பிராண்ட் வேலூர்லதான் வேலை பாத்தாரு. எம்சிஆர் செருப்புன்னு மெத்துனு ஒண்ணு குடுப்பாங்க, அது தேஞ்சா மறுபடி புண்ணு.

வெளிய வந்து கேட்டேன், எவ்ளோ நாளாம்மா இவருக்கு கட்டறீங்கன்னு. பதினோரு வருஷம்னாங்க. அதே புண்ணா? அதே புண்ணுதான். அப்ப அது ஆறவே ஆறாதான்னு கேட்டேன். "ஆறுமே. ஆறும், திரும்ப வரும். அவரு நடக்கணும்ல தம்பி"ன்னாங்க. நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணாம கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன்.

அந்த சிஎம்சியே எப்படி வந்துச்சு? ஐடா ஸ்கடர்னு மிஷனரி டாக்டர் வீட்டு பொண்ணு, இங்க இருக்கவே பிடிக்காம அமெரிக்கா போயிடணும்னு இருந்தவங்க. திண்டிவனத்துல ஒரே ராத்திரில மூணு வீட்டு ஆம்பளைங்க வந்து எங்க வீட்ல பிரசவம், பொம்பள டாக்டர்தான் வரணும், நீ வான்னு கூப்புடுறாங்க. இவங்க அப்ப டாக்டர் இல்ல. விடிஞ்சா மூணு பொண்ணுங்களும் செத்துட்டாங்க. ஒரு வீடு பிராமணர், ஒரு வீடு முஸ்லிம். அந்த அம்மா போய் டாக்டருக்கு படிச்சு, 1900ல வேலூர்ல ஒரே ஒரு பெட்டோட ஆரம்பிச்சாங்க, 1918ல பொண்ணுங்களுக்கு மெடிக்கல் ஸ்கூல், 1960ல சாகுற வரைக்கும் இந்த மண்ணுலதான். ஒரு ராத்திரி அழுதுட்டு எல்லாரும் போயிடலாம், அறுபது வருஷம் இருக்கறதுதான் கஷ்டம். கலாத்தியர் 6:9ல பவுல் நன்மை செய்யறதுல சோர்ந்து போகாதீங்கன்னு எழுதுறாருன்னா, செய்யறவனுக்கு சோர்வு வரும்னு அவருக்கு நல்லா தெரிஞ்சிருக்கு.

மாம்பலம் மாமி பொண்ணு

வேலூர் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலையே சார். எங்க சித்தப்பாவுக்கு ஆபரேஷன் அங்கதான் ஆச்சு. நான் எங்கம்மா நெத்தியப் பத்தி மட்டும்தான் சொன்னேன்.

பெரம்பூர் லோகோ

சரிங்க மேடம். நான்தான் நீட்டிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

பங்கு சபை

எல்லாருக்கும் வணக்கம். நான் எங்க பங்குல புனித வின்சென்ட் தே பவுல் சபைல இருபத்திரண்டு வருஷமா இருக்கேன். என் அனுபவம் சின்னதுதான். நாங்க அரிசி குடுத்துட்டு இருந்த ஒரு வீட்டுல, அந்த அரிசிய கடைக்கு வித்துட்டாங்கன்னு தெரிஞ்சுது. கோவத்துல ரெண்டு வாரம் போகல. மூணாவது வாரம் போனா அந்தம்மா கதவ தெறந்து "உங்களுக்கு உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன் பிரதர்"னு சொன்னாங்க. வித்தது ஏன்னா பையனுக்கு பரீட்சை ஃபீஸ். நான் வாசல்லயே நின்னேன்.

படிக்கிறவங்கள்ல யாராவது இப்படி செய்யணும்னு நெனச்சா எங்க அனுபவத்துல கத்துகிட்டத சொல்றேன். தனியா போகாதீங்க, ரெண்டு பேரா போங்க, பேச்சுக்கும் பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது, எங்க சபைல எப்பவும் அப்படித்தான். போனதும் கைய நீட்டி பொருள குடுத்துட்டு திரும்பக் கூடாது, உக்காரணும், தண்ணி குடுத்தா குடிக்கணும், பாதி பேரு அந்த தண்ணிய குடிக்க மாட்டாங்க, அது அவங்களுக்கு எவ்ளோ அவமானம்னு யோசிங்க. ஸ்கூல் ஃபீஸ்னா ஸ்கூல்லயே கட்டிடுங்க, மருந்துன்னா சீட்ட வாங்கி மெடிக்கல்ல வாங்கிக் குடுங்க. போட்டோ எடுக்கவே எடுக்காதீங்க. அந்த வீட்டு பொண்ணு நாளைக்கு காலேஜ் போகும், அது கை நீட்டி அரிசி வாங்குற படம் யாரு போன்லயும் இருக்கக் கூடாது. வாராவாரம் போக முடியாதுன்னா மாசம் ஒருதரம்னு முன்னாடியே சொல்லிடுங்க, வர்றேன்னு சொல்லிட்டு வராம இருக்கறது ஒண்ணும் குடுக்காம இருக்கறதவிட மோசம். எங்க கூட்டத்துல ஒவ்வொரு வாரமும் ரகசியப் பை ஒண்ணு சுத்தி வரும், யாரு எவ்ளோ போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது, ஒண்ணும் போட முடியாதவரும் கைய உள்ள விட்டு எடுக்கலாம். 1833ல பாரிஸ்ல இத ஆரம்பிச்ச ஓசானாமுக்கு அப்ப இருபது வயசு, காலேஜ் பையன். நீங்க நல்லது செய்யறது எங்கன்னு காட்டுங்கன்னு யாரோ கேட்ட கேள்விதான் அவர வீடு வீடா கெளப்பிச்சு. அதனால அந்த மாம்பலம் சகோதரி கேக்கறதையும் நாம கேட்டுக்கணும்னுதான் நான் சொல்லுவேன், பெரம்பூர் பிரதர் கோச்சுக்காதீங்க. குடுக்கற இடத்துல ஜெபம் பண்ணணும்னா அவங்க கேக்கட்டும், அதுவரைக்கும் நம்ம வீட்டுக்கு வந்து பண்ணிக்கலாம்.

அயனாவரம் மருமக

அட்வைஸ் நெறைய ஆயிடுச்சு, நான் எங்க அத்தைய பத்தி சொல்லிக்கிறேன். நாசரேத் பக்கம் அவங்களுக்கு. உலை வைக்கறதுக்கு அரிசி அளந்ததும் அதுலேர்ந்து ஒரு பிடி அள்ளி பழைய ஹார்லிக்ஸ் டப்பால போட்டுட்டுதான் களைவாங்க. கைப்பிடி அரிசி காணிக்கை. மாசக் கடைசில சர்ச்சுக்கு போகும், அங்கேர்ந்து இல்லாதவங்க வீட்டுக்கு போகும். சிஎஸ்ஐ சபை (தென்னிந்திய திருச்சபை) வீட்டுல வளந்தவங்களுக்கு நான் சொல்றது தெரியும்.

லாக்டவுன்ல எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு. ஒரு நாள் வீட்டுல அரிசி சுத்தமா இல்ல, நான்தான் கூச்சத்த விட்டுட்டு பக்கத்து வீட்டு அக்காகிட்ட ரெண்டு உழக்கு கடனா வாங்கிட்டு வந்தேன். அத்தை வாங்கி முறத்துல போட்டாங்க, கல்லு பொறுக்குனாங்க, அப்புறம் கை அந்த ஹார்லிக்ஸ் டப்பாவுக்கு போச்சு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம், "அது கடன் வாங்குன அரிசி அத்தை, இல்லாதவங்க இப்ப நாமதான்"னு கத்திட்டேன். அவங்க திரும்பிக் கூட பாக்கல. "இன்னும் ரெண்டு உழக்கு கடன் குடுக்க நமக்கு ஆளு இருக்குல்ல"ன்னு சொல்லிட்டு போட்டாங்க.

அன்னிக்கு நான் சாப்பிடல, கோவத்துல. அவங்க போய் ஒன்றரை வருஷம் ஆகுது. டப்பா அதே செல்ஃப்லதான் இருக்கு. நான் சில நாள் போடுறேன், சில நாள் மறந்துடுறேன், பிள்ளைங்கள ஸ்கூலுக்கு கெளப்புற அவசரத்துல கை அங்க போகவே மாட்டேங்குது. அவங்களுக்கு நாப்பது வருஷம் எப்படி மறக்காம இருந்துச்சுன்னு தெரியல.

வார்டு நம்பர் ஆறு

நான் புதுசு இங்க. காசிமேடு அண்ணா, நீங்க எந்த ஆஸ்பத்திரின்னு எழுதல, ஆனா எங்க வீட்டுக்காரர் இப்ப அட்மிட் ஆகியிருக்கற எடத்துலயும் கேட்டுக்கு வெளிய காலையில ஒரு அக்கா கஞ்சி ஊத்துறாங்க. பூண்டு வெந்தயம் போட்ட நொய்க்கஞ்சி, ரெண்டு தூக்கு. ஷேர் ஆட்டோலதான் வர்றாங்க. நீங்க சொன்னவங்களான்னு தெரியல, இவங்க கண்ணாடி போட்டிருக்காங்க, கூட ஒரு சின்ன பொண்ணும் வருது துவையல் வைக்க.

காசிமேடு கடலோரம்

அப்ப கண்ணாடி இல்ல. வலது கை மணிக்கட்டுக்கு மேல ஏதாவது தழும்பு இருக்கான்னு நாளைக்கு பாக்க முடியுமாம்மா?

வார்டு நம்பர் ஆறு

முழுக்கை ரவிக்கை போட்டிருக்காங்கண்ணா, தெரியாது. நீங்களே வந்துடுங்க. அஞ்சரைக்கு முன்னாடி வாங்க, ஆறுக்கெல்லாம் தீந்துடுது. டம்ளர் கொண்டு வாங்க.