ஒன்பது இலட்சம் ரூபாயும் அயல்நாட்டுப் பங்குகளும்

தாமிரபரணி:
அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். அப்பாவின் வயலை விற்றதில் என் பங்காக வந்த பணத்தில், வீட்டுக் கடனை அடைத்தது போக ஒன்பது இலட்சம் மிஞ்சியிருக்கிறது. என் தம்பி பெங்களூரில் வேலை செய்கிறான். "அக்கா, சரிவு முடிந்து உலகப் பொருளாதாரம் எழும்போது பணம் அமெரிக்கப் பங்குகளில் இருக்க வேண்டும். 2020ஐப் போல இன்னொரு முறை தவறவிட்டுவிடாதே" என்கிறான்.

அவன் சொல்வதில் எனக்கு உறுத்தல் உண்டு. 2020 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் ஐந்நூறு பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண் 2,237 புள்ளிகளுக்கு விழுந்தது. ஆகஸ்ட் 18 அன்று பழைய உச்சத்தையே தாண்டிவிட்டது. ஐந்தே மாதம். எங்கள் பள்ளியின் பூட்டைக்கூட அப்போது திறக்கவில்லை. நானோ பயந்துபோய் எல்லாவற்றையும் ஃபிக்சட் டெபாசிட்டில் வைத்திருந்தேன். நிஃப்டி குறியீட்டெண்ணில் உள்ள பங்குகளையே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் ஐயாயிரம் ரூபாய் போவதைத் தவிர எனக்கு வேறு அனுபவம் இல்லை. இந்த ஒன்பது இலட்சத்தை வெளிநாட்டுப் பங்குகளில் போடலாமா?

கரூர்க் கணக்கர்:
வேண்டாம் அம்மா. முப்பது வருடங்களாக மற்றவர்களின் வருமான வரிக் கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் தம்பியின் வாதம். பொருளாதாரம் எழுவதும் பங்குச் சந்தை எழுவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது. 1930களின் பெரும் மந்தக் காலத்துக்குப் பிறகு அத்தனை மோசமான நிலையை அந்த நாடு கண்டதில்லை. சந்தையோ அதற்கு முந்தைய மாதமே ஏறத் தொடங்கிவிட்டது. "மீட்சி வந்துவிட்டது" என்று செய்தித்தாளில் படித்துவிட்டு வாங்கப் போகிறவர், அந்த மீட்சிக்கான விலையையும் சேர்த்தே கொடுக்கிறார்.

இரண்டாவது, மீட்சி என்றால் அமெரிக்காதான் முந்தும் என்று யார் சொன்னது? 2009 மார்ச் 9 அன்று சென்செக்ஸ் 8,160, எஸ் அண்ட் பி 676. 2010 நவம்பர் 5 அன்று சென்செக்ஸ் 21,004, எஸ் அண்ட் பி 1,225. இங்கே இரண்டரை மடங்கு, அங்கே இரண்டு மடங்குகூட இல்லை. அதோடு போகவில்லை. 51 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர் அதற்குள் 44 ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. அமெரிக்காவில் போட்ட நம் ஊர்க்காரருக்கு ரூபாய்க் கணக்கில் கைக்கு வந்தது ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான். உலகம் பயந்திருக்கும்போது எல்லோரும் டாலரிடம் ஓடுகிறார்கள், பயம் தெளிந்ததும் அதை விட்டு வெளியே வருகிறார்கள். மீட்சிக் காலத்தில் டாலர் வாங்குவதில் இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது.

வடபழனி:
கணக்கர் ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் கணக்கை நிறுத்திய இடம் அவருக்கு வசதியான இடம். அதே 2010 நவம்பர் 5இலிருந்து 2019 கடைசி வரை எண்ணிப் பாருங்கள். சென்செக்ஸ் 21,004இலிருந்து 41,253க்கு வந்தது, இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. எஸ் அண்ட் பி 1,225இலிருந்து 3,230க்கு வந்தது. டாலர் 44இலிருந்து 71 ரூபாயானது. இரண்டையும் பெருக்கினால் ரூபாயில் நான்கு மடங்குக்கு மேல். முதல் இருபது மாதத்தில் இந்தியா வென்றது உண்மைதான். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதையும் சகோதரிக்குச் சொல்ல வேண்டாமா?

கரூர்க் கணக்கர்:
சொல்கிறேன் தம்பி. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளையும் சேர்த்தே சொல்கிறேன். 1999 டிசம்பர் முடிவில் எஸ் அண்ட் பி 1,469, 2009 டிசம்பர் முடிவில் 1,115. பத்து வருடம் காத்திருந்தவருக்குக் கிடைத்தது நஷ்டம், இடையில் வந்த ஈவுத்தொகைதான் ஆறுதல். சென்செக்ஸ் அதே காலத்தில் 5,005இலிருந்து 17,464க்குப் போனது.

இன்னும் கேளுங்கள். தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீட்டெண் 2000 மார்ச்சில் தொட்ட உச்சத்தை 2015 ஏப்ரலில்தான் மீண்டும் பார்த்தது. ஜப்பானின் நிக்கி குறியீட்டெண் 1989 டிசம்பர் 29 அன்று 38,915. அதைத் தாண்டியது 2024 பிப்ரவரி 22 அன்று. முப்பத்துநான்கு ஆண்டுகள்! நாற்பது வயதில் வாங்கியவருக்கு எழுபத்துநான்கு வயது ஆகியிருக்கும். இந்த இடைவெளியில் உலகம் எத்தனை முறை மீண்டெழுந்தது! சீனாவைப் பாருங்கள். 2007 அக்டோபரில் ஷாங்காய் குறியீட்டெண் 6,000 புள்ளிகளைத் தாண்டி நின்றது. அதன் பிறகு சீனப் பொருளாதாரம் பல மடங்கு வளர்ந்தும், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் குறியீட்டெண் அந்த உயரத்தை எட்டவே இல்லை. நாடு வளர்ந்தால் பங்கு வைத்திருப்பவரும் வளர்வார் என்ற நம்பிக்கையோடு இங்கே வருகிறவர்கள் ஷாங்காயின் கதையை முதலில் படிக்க வேண்டும்.

வெள்ளவத்தை:
நான் கொழும்பிலிருந்து எழுதுகிறேன். இரண்டு பேரின் எண்களையும் வாசித்தேன். எந்தச் சந்தை எப்போது முந்தியது என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்த பிறகு கொழும்புப் பங்குச் சந்தை ஏறிய ஏற்றத்தை நேரில் கண்டவன் நான். அந்த ஆண்டில் உலகிலேயே மிக வேகமாக ஏறிய சந்தைகளில் எங்களுடையதும் ஒன்று. அலுவலகத்தில் தேநீர் கொண்டுவருபவர்கூடப் பங்கு விலை பேசினார். சொந்த நாடு எழுகிறபோது வெளிநாடு எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன். சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, வங்கியில் நிலையான வைப்பு, கொஞ்சம் பங்குகள், எல்லாமே இலங்கை ரூபாய்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதம் 360. ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. 18ஆம் திகதியிலிருந்து பங்குச் சந்தையை ஒரு வாரம் மூடினார்கள். என் வைப்புப் பணத்தில் ஒரு சதம்கூடக் குறையவில்லை. வங்கிப் புத்தகத்தில் அதே தொகை அப்படியே இருந்தது. அந்தத் தொகைக்கு மருந்துக் கடையில் கிடைத்தது மட்டும் பாதியாகிவிட்டது. அம்மாவின் இருதய மாத்திரைக்காக நான் அலைந்த நாட்களை இங்கே எழுதி முடிக்க இயலாது.

அதனால் சொல்கிறேன் அக்கா, மீட்சியைப் பிடிப்பதற்காக வெளிநாட்டில் முதலிட வேண்டாம். உங்கள் வீடு, சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் ஒரே அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. ஒரு பகுதியாவது வெளியே இருக்கட்டும். எங்களுக்கு அந்த வழியே பெரும்பாலும் அடைபட்டிருந்தது. உங்களுக்குத் திறந்திருக்கிறது.

கரூர்க் கணக்கர்:
உங்கள் அனுபவத்தின் முன் நான் வாதாடப் போவதில்லை ஐயா. உங்கள் அம்மா நலமாக இருக்க வேண்டும்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியே வைத்த பணமும் மாட்டிக்கொள்ளக்கூடும். 2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் போர் தொடங்கியதும் மாஸ்கோ பங்குச் சந்தை ஏறத்தாழ ஒரு மாதம் மூடிக் கிடந்தது. திறந்த பிறகும் வெளிநாட்டவர்கள் விற்க முடியவில்லை. பெரிய பெரிய ஓய்வூதிய நிதிகளே ரஷ்யப் பங்குகளின் மதிப்பைப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டன.

இனி நான் அன்றாடம் பார்க்கும் விஷயம். வெளிநாட்டுத் தரகரிடம் கணக்குத் திறந்து நேரடியாக வாங்கினால், ரிசர்வ் வங்கி ஒரு நிதியாண்டுக்கு இரண்டரை இலட்சம் டாலர் வரை அனுமதிக்கிறது. பத்து இலட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேற்படும் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம். உங்கள் ஒன்பது இலட்சத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. தொல்லை பிறகு வருகிறது. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும், அதுவும் ஏப்ரல் முதல் மார்ச் கணக்கில் அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் கணக்கில். அமெரிக்காவில் ஈவுத்தொகைக்கு 25 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள், அதை இங்கே கழித்துக்கொள்ளத் தனிப் படிவம் வேண்டும். என்னிடம் வந்த ஓர் இளைஞர் நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சில பங்குகளைச் செயலியில் வாங்கிவிட்டு அந்த அட்டவணையை நிரப்பாமல் விட்டிருந்தார். நோட்டீஸ் வந்ததும் பையன் தூக்கத்தை இழந்தான். கறுப்புப் பணச் சட்டத்தில் அந்தத் தவறுக்குப் பத்து இலட்சம் அபராதம் இருந்தது. அசையாச் சொத்து நீங்கலாக 20 இலட்சம் வரை விலக்கு 2024 அக்டோபரில்தான் வந்தது. விலக்கு அபராதத்துக்குத்தான், காட்டும் கடமை அப்படியே இருக்கிறது.

யாரும் பேசாத ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் குடியிராத ஒருவர் இறந்தால், அங்குள்ள அவருடைய பங்குகளில் 60,000 டாலருக்கு மேற்பட்டதற்கு எஸ்டேட் வரி உண்டு. உச்ச விகிதம் 40 சதவீதம். இன்று சிறிதாகத் தொடங்கும் பணம் இருபது ஆண்டுகளில் அந்த எல்லையைத் தொடாது என்று சொல்ல முடியுமா? விளம்பரம் செய்யும் செயலிகள் இதை முதல் பக்கத்தில் எழுதுவதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது.

வடபழனி:
இந்தப் பகுதியில் ஐயா சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. ஆனால் அது நேரடியாக வாங்குவதற்கு எதிரான வாதம், வெளிநாட்டுப் பங்குகளுக்கு எதிரான வாதம் இல்லை. இந்திய மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களே வெளிநாட்டுக் குறியீட்டெண் ஃபண்டுகளை நடத்துகின்றன. ரூபாயில் போடுகிறோம், ரூபாயில் எடுக்கிறோம். நம் கையில் இருப்பது இந்திய ஃபண்டின் யூனிட், ஆகவே வெளிநாட்டுச் சொத்து அட்டவணை, டி.சி.எஸ்., எஸ்டேட் வரி எதுவும் நம்மைத் தொடாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தால் இலாபத்துக்கு 12.5 சதவீத வரி.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லா ஃபண்ட் நிறுவனங்களும் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் முதலிட 700 கோடி டாலர்தான் உச்ச வரம்பு. 2022 பிப்ரவரியில் அது நிரம்பும் நிலைக்கு வந்ததும் பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி புதுப் பணம் வாங்குவதை நிறுத்தச் சொன்னது. அதன் பிறகு பல ஃபண்டுகள் திறப்பதும் மூடுவதுமாக இருக்கின்றன. அந்த நேரங்களில் சிலர் பங்குச் சந்தையில் விற்கும் நாஸ்டாக் ஈ.டி.எஃப்.பை (பங்கைப் போலவே வாங்கி விற்கும் ஃபண்ட்) உண்மை மதிப்பைவிட அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். 2021 கடைசியில், பெருந்தொற்று முடிந்து உலகம் எழுகிறது என்ற உற்சாகத்தில், நாஸ்டாக் உச்சத்தில் இருந்தபோது ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பங்குகளை வாங்கினேன். 2022இல் அது அறுபது சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பயந்து விற்றேன், பிறகு அது மீண்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் எஸ் அண்ட் பி குறியீட்டெண் ஃபண்ட் ஒன்றும் இருந்தது. அதே ஆண்டில் எஸ் அண்ட் பி 19 சதவீதம் இறங்கியது. ஆனால் டாலர் 74இலிருந்து 82 ரூபாய்க்கு மேல் போனதால் ரூபாயில் எனக்கு ஏறத்தாழ பத்து சதவீத நஷ்டம்தான். மாதா மாதம் போட்டுவந்த அந்தக் குறியீட்டெண் ஃபண்டை நான் தொடவில்லை. இன்றும் வைத்திருக்கிறேன்.

தாமிரபரணி:
மூவருக்கும் நன்றி. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். என் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். இங்கே பொறியியல் முடித்துவிட்டு ஜெர்மனியில் மேற்படிப்புக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் விசாவுக்கு ஓர் ஆண்டின் செலவுத் தொகையை முடக்கக் கணக்கில் (மாதம் ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க முடிந்த கணக்கு) காட்ட வேண்டும் என்று படித்தேன். 11,904 யூரோ போட்டிருந்தது. இது கணக்கை மாற்றுமா?

கரூர்க் கணக்கர்:
மாற்றும் அம்மா. செலவு வெளிநாட்டு நாணயத்தில் வரப்போகிறது என்றால், ரூபாய் இறங்குவது உங்களுக்கு நேரடிச் சுமை. இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நான் "வேண்டாம்" என்று தொடங்கியிருக்க மாட்டேன். அவள் போக இன்னும் எட்டு, ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன. இவ்வளவு அவகாசம் இருப்பதால்தான் பங்கு என்ற பேச்சுக்கே ஒப்புக்கொள்கிறேன். அதுவும் மூன்று இலட்சத்துக்கு மேல் வேண்டாம், ஒரே நாளிலும் வேண்டாம். அவள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக்கு வரும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து டெபாசிட்டுக்கு மாற்றிவிடுங்கள். விசாவுக்குப் பணம் கட்டும் மாதத்தில் இன்னொரு 2022 வந்தால் அந்தக் குழந்தை என்ன செய்யும்?

வடபழனி:
மூன்று இலட்சம் குறைவு என்பேன், நான்கு போடலாம். மற்றதில் ஐயாவுடன் உடன்படுகிறேன். அமெரிக்கா மட்டுமின்றிப் பல வளர்ந்த நாடுகளின் பங்குகளும் உள்ள ஃபண்ட் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

தாமிரபரணி:
மூன்று இலட்சம். மாதம் பத்தாயிரமாக முப்பது மாதங்கள். மற்ற ஆறில் பாதி ஃபிக்சட் டெபாசிட், பாதி இங்குள்ள நிஃப்டி ஃபண்டிலேயே மெதுவாகப் போகும். தம்பியிடம் நேற்று இரவு சொன்னேன். "இப்படித் துளித்துளியாகப் போட்டால் மீட்சி முடிந்துவிடும் அக்கா" என்று வருத்தப்பட்டான். வெள்ளவத்தை அண்ணா எழுதியதை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. திங்கட்கிழமை ஃபண்ட் அலுவலகத்துக்குப் போய், புதுப் பணம் இப்போது வாங்குகிறார்களா என்று கேட்கப் போகிறேன்.