கிளிநொச்சியில் அனுமதிப்பத்திரக் காணியில் வீடு வாங்கியவர்கள் உதவுங்கள்

உறவுகளே, வணக்கம். கரைச்சிப் பகுதியில் ஒரு வீடு வாங்க முயல்கிறோம். நல்ல கிணறு, காய்க்கும் தென்னைகள், பிள்ளைகளின் பாடசாலையும் அருகில். விலையும் பேசி முடித்துவிட்டோம். ஆனால் காணிக்கு உறுதிப்பத்திரம் இல்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமையாளரின் தந்தைக்கு அரச காணிக்கான அனுமதிப்பத்திரம் மட்டுமே கிடைத்திருக்கிறது. அதன் மூலப்பத்திரமும் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. தந்தை இறந்துவிட்டார், பின்னுரித்தாளர் (அவருக்குப் பின் காணி சேர வேண்டியவர்) பெயர் பதியப்பட்டதா என்பதும் தெரியவில்லை, விற்கும் மகன் கனடாவில். வங்கி கடன் தர மறுக்கிறது. தரகரோ முற்பணத்தை உடனே கொடுக்கச் சொல்கிறார்.

எனக்கு அரசியல்வாதிகள் மீதும் கோபம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் காணியை மாகாண சபைப் பட்டியலில் வைத்தது. வடக்கு மாகாண சபையோ 2018இல் கலைந்த பின் தேர்தலே இல்லை. 2024இல் வன்னி மக்கள் புதிய ஆட்சிக்கு நம்பி வாக்களித்தார்கள். அடுத்த மார்ச்சில் உரிமை கோரப்படாத வடக்குக் காணிகளை அரச காணியாக்குவது பற்றி வந்த வர்த்தமானி, எதிர்ப்புக்குப் பிறகே மீளப் பெறப்பட்டது. போரில் பத்திரம் இழந்தவர்களுக்கு ஆவணம் கொடுப்பதே முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

இத்தகைய காணியை பிரதேச செயலாளரின் அனுமதியோடு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? முதலில் மகன் பெயருக்கு மாற்றி, அளிப்புப் பத்திரம் (அரசு காணியை உரித்தாக்கித் தரும் பத்திரம்) எடுத்த பின் வாங்குவதுதான் பாதுகாப்பா? அதுவரை முற்பணம் கொடுக்கலாமா? அனுபவமுள்ள நொத்தாரிசைத் தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.